வன்னிக் குடித்தொகையும் சுழற்கணக்கின் வழுவும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பிற்கால வரலாற்றை எழுதப் புகுவோர் முதலிற் கையிலெடுப்பது, இலங்கைக் குடியியற் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலாகும். அதற்குப் பிற்பட்ட காலத்துக்கு அவர்கள் நாடுவன குடிசன மதிப்பு அறிக்கைகள். மன்னரையும் வன்னியரையும் பற்றி அறிய ஏடுகளும் கல்வெட்டுக்களும் உண்டு. காட்டை வெட்டி வயலாக்கி, உடைந்த குளத்தைத் திருத்தி, காய்ச்சலிற் கிடந்து எழுந்து வாழ்ந்த பொதுமக்களுக்கோ பெரும்பாலும் அவ்வறிக்கைகளின் எண்களே சான்று.

அவ்வெண்களை இன்று தாளிற் கூட்டிக் கழிப்பார் அரியர். புள்ளிவிபரவியலுக்கென அமைந்த கணினி மொழியொன்றில் ஒரு செய்நிரலை எழுதி, ஆண்டுதோறும் மாவட்டந்தோறும் அதே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்விப்பதே வழக்கமாயிற்று. அங்ஙனம் மீளமீளச் செய்யுமாறு அமைத்த கட்டளைக் கூட்டம் சுழல் எனப்படும்; ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று. சுழலில் வழு நேருமாயின் அது ஒருமுறை நேர்ந்து ஒழிவதன்று, சுற்றுத்தோறும் நேரும். அவ்வழுக்கள் எங்கே பிறக்கின்றன, எவ்வாறு கண்டறியப்படுகின்றன என்பதை வன்னியின் குடித்தொகைக் கணக்கைக் கொண்டே ஆராயலாம். அவற்றுட் பல பொறியிற் பிறவாமல் வரலாற்றிற் பிறந்தவை என்பது போகப்போகப் புலனாகும்.

வழு என்னுஞ் சொல் இலக்கணத்தாரிடமிருந்து வந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுவை நன்னூலார் உரைத்தார். ஆங்கிலத்தில் இதனைப் பூச்சி என்பர். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து மார்க் இரண்டு என்னும் கணிப்பொறியினுள் அகப்பட்ட விட்டிலொன்றைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்த கதை பலரும் அறிந்ததே. ஆயினும் அவ்வழக்கு அதனினும் பழையது. எடிசன் 1878இலேயே தம் கடிதமொன்றில் அதனை ஆண்டுள்ளார். எங்கிருந்தோ பறந்துவந்து புகுந்த பூச்சி என்பதினும், சொல்லியவன் வாயிலேயே பிறந்த வழு என்பது உண்மைக்கு அணித்தாகும்.

சுழலின் வரலாறு கணினியின் வரலாற்றுக்கும் முற்பட்டது. சார்ள்ஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்புப் பொறியைப் பற்றி இத்தாலியரான மெனப்றியா எழுதிய கட்டுரையை ஏடா லவ்லேஸ் பெருமாட்டி 1843இல் ஆங்கிலத்திற் பெயர்த்து, அதனினும் நீண்ட குறிப்புக்களையும் சேர்த்து வெளியிட்டார். இறுதிக் குறிப்பிலே பேணூலி எண்களைப் பொறியாற் கணிக்கும் முறையை ஓர் அட்டவணையாக வகுத்தார். சில செய்கைகளை மீண்டும் மீண்டும் செய்விக்குமாறு அவ்வட்டவணை பணிக்கிறது. இதனையே முதலாவது செய்நிரல் என்பாரும் உளர். அதில் நான்காவது செய்கையில், ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் வகுக்க வேண்டிய இடத்தில், வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறி அச்சாகியுள்ளன. எழுதியவரின் கைப்பிழையோ அச்சுக்கோத்தவரின் பிழையோ தெளிவில்லை. பொறி கட்டப்படவேயில்லை ஆதலின் அந்நிரலை அக்காலத்து எவரும் ஓட்டிப் பார்த்திலர். முதற் செய்நிரலே வழுவுடன் பிறந்தது என்பது ஒருவகையில் ஆறுதல் தருஞ் செய்தி.

ஓடும் பொறி வந்தபின் நிலைமை வேறாயிற்று. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கணிப்பொறியை உருவாக்கிய மொரிஸ் வில்க்ஸ், 1949இல் அதற்குரிய நிரலொன்றைச் சரிசெய்ய முயன்ற வேளையில், தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தாம் எழுதிய நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என உணர்ந்ததாகப் பின்னர் எழுதினார்.

புள்ளிவிபரவியலாளருக்கென எஸ் என்னும் மொழி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோன் சேம்பர்ஸ் முதலியோரால் 1976இல் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்தது நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்து ரொஸ் இஹாக்கா, ரொபேட் ஜென்டில்மன் என்னும் இருவர் ஆக்கிய ஆர் மொழி. 1993இல் வெளியுலகறிந்த அம்மொழி 1995இல் எவரும் விலையின்றிப் பெறக்கூடிய உரிமத்துடன் வழங்கப்பட்டது; அதன் முதலாம் பதிப்பு எனத்தக்கது 2000 பெப்ரவரி 29ஆம் நாள் வெளியாயிற்று. விலையின்மை எளிய காரியமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997 முதல் இயங்கி, 2021 ஓகஸ்ட் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவிலும், கிளிநொச்சி அறிவியல்நகரின் பீடங்களிலும் பயிலும் மாணவன் ஓக்லாந்திலுள்ளவன் கையாளும் அதே கருவியைக் காசின்றிக் கையாளலாம். அம்மொழியின் சிறப்பொன்று இவ்விடத்திற் குறித்துக்கொள்ளற்பாலது. இல்லாத தரவுக்கென அதில் ஒரு தனிக் குறி உண்டு, என்.ஏ. என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களே அக்குறி. அது சுழியன்று, எண்ணே அன்று, அறியப்படவில்லை என்பதன் அடையாளம்.

இனிக் குடிசன மதிப்புக்கு வருவோம். இலங்கை முழுமைக்குமான முதலாவது மதிப்பு 1871இல் எடுக்கப்பட்டது. 1881, 1891, 1901, 1911, 1921, 1931 எனப் பத்தாண்டுக்கொருமுறை அது தவறாது தொடர்ந்தது. அதன்பின் ஒழுங்கு குலைந்தது. உலகப்போரினால் 1941இல் எடுக்கவேண்டியது 1946இல் எடுக்கப்பட்டது. அடுத்து 1953, பின்னர் 1963, 1971, 1981. 1991இல் மதிப்பே நிகழவில்லை. 2001இல் நிகழ்ந்தது, ஆயின் நாடு முழுவதிலுமன்று. பின்னையவை 2012, 2024.

ஒரு மாணவர் இவ்வறிக்கைகளிலிருந்து ஆண்டுக்குரிய வளர்ச்சி வீதத்தைக் கணிக்கச் சுழலொன்று எழுதுவாராயின், ஒரு மதிப்பின் தொகையை முந்திய மதிப்பின் தொகையால் வகுத்து, அதன் மடக்கையை எடுத்து, பத்தால் வகுக்குமாறு பணிப்பார். குடிசன மதிப்புப் பத்தாண்டுக்கொருமுறை வருவது என்பது பள்ளியிலேயே படித்த பாடமன்றோ! நிரல் எவ்விடத்தும் தடைப்படாது ஓடி முடியும். எச்சரிக்கை எதுவும் வாராது. 1871 முதல் 1931 வரை விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுவே இவ்வழுவின் வஞ்சகம். முதல் ஆறு சுற்றும் சரியாயிருக்கக் கண்டவர் ஏழாவது சுற்றை ஐயுறார்.

இலங்கையின் மொத்தக் குடித்தொகை 1931இல் 53.07 இலட்சம்; 1946இல் 66.57 இலட்சம், 1953இல் 80.98 இலட்சம்; 1963இல் 105.82 இலட்சம். பத்தால் வகுக்குஞ் சுழல் இம்மூன்று இடைக்காலங்களுக்கும் முறையே 2.3, 2.0, 2.7 சதவீதம் என விடை தரும். 1946க்குப் பின் வளர்ச்சி சற்றுத் தளர்ந்து மீண்டும் எழுந்தது என்பதே அதன் பொருள். உண்மையில் முதலாவது இடைக்காலம் 15 ஆண்டு. இரண்டாவது 7 ஆண்டு. அவற்றால் வகுத்தால் 1.5, 2.8, 2.7 என வரும். தளர்ச்சி இருந்ததாக நிரல் கூறிய இடத்தில் இருந்தது, ஏறக்குறைய இருமடங்கான ஏற்றம்.

இது தசமப் புள்ளியின் வேறுபாடன்று, வரலாறே தலைகீழாகிவிட்டது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் பெரும் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அக்கொள்ளைநோய் கொடிதாய்த் தாக்கியது கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளையே எனினும், வன்னியில் மலேரியா ஆண்டுதோறும் தங்கியிருந்து உயிர்குடித்து வந்தது. 1946 முதல் டி.டி.டி. மருந்து பரவலாகத் தெளிக்கப்பட்டது. ஆயிரவருக்கு 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் 14 ஆகக் குறைந்தது. மருந்து தனித்து நின்று இதனைச் செய்ததா, உணவும் வைத்தியசாலைகளும் எவ்வளவு துணைநின்றன என்பதில் ஆய்வாளரிடையே வழக்குண்டு. அவ்வழக்கு எங்ஙனமாயினும், பத்து என்னும் ஓர் எண்ணால் அம்மாற்றம் முழுவதும் அட்டவணையிலிருந்து மறைந்துபோகிறது. அக்கால வவுனியா மாவட்டத்தின் தொகை 1946இல் ஏறக்குறைய 23,000, 1953இல் 35,000. ஆண்டுக்கு 6 சதவீதத்தை அணுகும் இவ்வேற்றத்தைச் சுழல் 4 சதவீதம் எனக் கூறும். காய்ச்சல் தணிந்த நிலத்தில் பாவற்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்கள் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் எழுந்த காலத்தின் வாயில் அது.

நன்னூலார் வகையில் இதனைக் கால வழு எனலாம். இதனைக் கண்டறிவது எங்ஙனம்? நிரலை மீண்டும் மீண்டும் ஓட்டுவதால் யாதும் பயனில்லை. அதே விடையே வரும். சுழலை ஒரு சுற்றில் நிறுத்தி, அந்நேரத்தில் அதனுள் நிற்கும் பெறுமதிகளைத் திறந்து பார்த்தலே வழி. ஆர் மொழியில் இதற்குப் பிரவுசர் என்னும் கட்டளை உண்டு. அதனைச் சுழலினுள் வைத்தால் நிரல் அவ்விடத்தே நின்று, வினவியதற்கு விடை கூறும். டீபக் என்னும் கட்டளையால் ஒரு சார்பினை வரிவரியாக நடத்திச் செல்லலாம். இவற்றினும் பழைய வழி, ஒவ்வொரு சுற்றிலும் முந்திய ஆண்டு, இவ்வாண்டு, இடைக்காலம், இரு தொகைகள், விடை ஆகியவற்றை ஒரே வரியில் அச்சிடச் செய்வது. 1931, 1946, 10 என்று மூன்றெண்கள் அருகருகே நிற்கக் கண்டால் நான்காம் வகுப்புப் பிள்ளையும் வழுவைச் சுட்டிக்காட்டும். தேர்ந்த நிரலாளர் பலர் பெரிய கருவிகளை விடுத்து இவ்வெளிய அச்சையே நாடுவது இதனாற்போலும்.

திருத்தமும் எளிதே. பத்தை நீக்கி, இவ்வாண்டிலிருந்து முந்திய ஆண்டைக் கழித்து வைத்தல் வேண்டும். நுணுகி நோக்குவோர் அங்கும் நில்லார். 1953ஆம் ஆண்டு மதிப்பு மார்ச் 20ஆம் நாளுக்குரியது; 1963ஆம் ஆண்டினது யூலை 8ஆம் நாளுக்குரியது; இடையிலுள்ளது பத்தாண்டும் மூன்றரை மாதமும். நாட்களைக் கொண்டு வகுத்தால் 2.7 என்பது 2.6 ஆகும்.

இரண்டாவது வகை வழு இடத்தைப் பற்றியது. (இலக்கணத்தார் இடம் என்றது தன்மை, முன்னிலை, படர்க்கை என்பவற்றை, இங்கே அச்சொல் நிலத்தையே குறிக்கிறது.) வவுனியா மாவட்டத்தின் தொகை 1971இல் ஏறக்குறைய 95,000. 1981இலும் ஏறக்குறைய 95,000. சுழல் இதற்கு வளர்ச்சி இல்லை என்று விடை தரும். பத்தாண்டுகள் ஒரு மாவட்டம் அசையாது நின்றதா? 1978இல் வவுனியா, மன்னார், திருகோணமலை மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து முல்லைத்தீவு மாவட்டம் அமைக்கப்பட்டது. 1981இல் அப்புதிய மாவட்டத்திற் காணப்பட்டோர் ஏறக்குறைய 77,000 பேர். பெயர் ஒன்றாயிருந்தது, நிலம் ஒன்றாயில்லை. சுழல் பெயரை மட்டுமே ஒப்பிடும்.

கிளிநொச்சியின் நிலை இதனினும் சிக்கலானது. அம்மாவட்டம் யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து 1984இல் உருவாயிற்று. ஆகவே 1981ஆம் ஆண்டுக்கும் அதற்கு முற்பட்ட ஆண்டுகளுக்கும் உரிய அட்டவணைகளில் அப்பெயரில் ஒரு வரியும் இல்லை. நிரல் அவ்வாண்டுகளுக்குக் கிளிநொச்சி வரிகளைத் தேடித் தெரிந்தால் வெறும் பட்டியல் கிடைக்கும். இங்கே ஆர் மொழியின் பெயர்பெற்ற பொறி ஒன்று காத்திருக்கிறது. ஒன்று முதல் பட்டியலின் நீளம் வரை எனச் சுழலை எழுதுவது பலர் வழக்கம். நீளம் சுழியானால் ஒருமுறையும் சுழலாது என்று எழுதியவர் எண்ணுவார். மொழியோ ஒன்று முதல் சுழி வரை என்பதைப் பின்னோக்கி எண்ணி, ஒன்று, சுழி என இரு சுற்றுச் சுழலும். முதலாவது சுற்றில், இல்லாத முதல் வரியைக் கேட்டு என்.ஏ. பெறும், இரண்டாவது சுற்றில் யாதொன்றும் பெறாது பெரும்பாலும் இடறி நிற்கும். இடறி நிற்பது நன்மையே. நின்றபின் சுற்றெண்ணின் பெயரைத் தட்டிக் கேட்டால் எந்தச் சுற்றில் நின்றது என்பதைக் கணினி கூறும். அது சுழி என்று கண்டவுடன் காரணம் விளங்கிவிடும். பட்டியலிலுள்ள உறுப்புக்களை மட்டும் எண்ணும் சீக் அலோங் என்னும் கட்டளையை ஆள்வது மாற்றுவழி.

இதற்கு அஞ்சி, 1981க்குரிய எண்ணை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து சேர்ப்போரும் உளர். பிற்காலத்துப் பிரித்துக் கணித்த அட்டவணைகளில் கிளிநொச்சிப் பகுதிக்கு 1981இல் ஏறக்குறைய 92,000 பேர் காட்டப்படுகின்றனர். ஆயின் யாழ்ப்பாண மாவட்டத்துக்குச் சில அட்டவணைகளில் 8 இலட்சத்து 30 ஆயிரமும், வேறு சிலவற்றில் 7 இலட்சத்து 39 ஆயிரமும் உள்ளன. முன்னையதில் கிளிநொச்சி அடங்கும், பின்னையதில் அடங்காது. முன்னையதை வைத்துக்கொண்டு கிளிநொச்சியைத் தனியே சேர்த்தால் 92,000 பேர் இருமுறை எண்ணப்படுவர். கூட்டுத்தொகையைச் சுழியாக்காமல் ஒவ்வோர் ஆண்டின் சுற்றுக்கும் புகுவதால் 1981இன் தொகை 2012இன் தொகையோடு ஒட்டிக்கொள்வதும் இவ்வினத்தைச் சேர்ந்த பொதுவான வழுவே.

மூன்றாவது வகை, எண் இல்லாமை. 2001ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாளுக்குரிய மதிப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நிகழ்ந்தது. போர்ச்சூழலால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அது நடைபெறவில்லை. வவுனியாவில் ஒரு பகுதியில் மட்டும் நடைபெற்றது. 1981இன் பின் இருபது ஆண்டுகளாக எண்ணப்படாதிருந்த மக்கள் இன்னுமொருமுறை எண்ணப்படாது விடப்பட்டனர். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்து வன்னி புகுந்தோரும் அவர்களுட் பலர்.

ஆர் மொழியில் அவ்விரு மாவட்டங்களின் 2001ஆம் ஆண்டுக் கட்டங்களில் என்.ஏ. என்று இட்டால், அதனோடு எதனைக் கூட்டினாலும் விடை என்.ஏ. ஆகும். நிபந்தனை ஒன்றில் அது புகுந்தால், உண்டு அல்லது இல்லை என்னும் விடை வேண்டிய இடத்திற் பெறுமதி இல்லை என்று கூறி நிரல் நின்றுவிடும். பயில்வோர் பலர் இதனைத் தொல்லையாகக் கருதுவர். தொல்லை நீங்க இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று, என்.ஏ.யின் இடத்திற் சுழியை இடுவது. மற்றது, கூட்டும்போது என்.ஏ.க்களை நீக்குக என்று பணிப்பது. பின்னையது குற்றமற்றதுபோலத் தோன்றும். முன்னையதை வேண்டாவென்று விலக்குவோரும் இதனைத் தயங்காது செய்வர். ஆனால் 2001க்குக் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் அவ்வாறு கூட்டச்செய்தால், இரு என்.ஏ.க்களும் நீங்கியபின் கூட்டுவதற்கு யாதும் எஞ்சாது. ஒன்றுமில்லாததன் கூட்டுத்தொகை சுழி என்பது கணித மரபு. ஆகவே அவ்விரு மாவட்டங்களிலும் 2001ஆம் ஆண்டில் வாழ்ந்தோர் தொகை சுழி என்று நிரல் விடை தரும். எச்சரிக்கையும் வாராது. அவ்விடை அடுத்த சுழலுக்குச் செல்லும். அங்கிருந்து வரைபடத்துக்குச் செல்லும்.

இதனைத் தேடிப்பிடிக்க, கூட்டுமுன் ஒவ்வொரு சுற்றிலும் இல்லாதன எத்தனை என்று எண்ணுவித்து விடைக்கு அருகே அச்சிடல் வேண்டும். இரண்டில் இரண்டு இல்லை என்று வரியில் எழுந்தால், அருகிலுள்ள சுழியை எவரும் நம்பார்.

வெற்றிடத்தைச் சுழியாக்காது, இரு கரைக்கும் நேர்கோடு இழுத்து நிரப்புவோரும் உளர். முல்லைத்தீவில் 1981இல் 77,000 பேர். 2012 மார்ச்சில் 92,000 பேர். இடைப்பட்ட 31 ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.6 சதவீத வளர்ச்சி. அழகிய மெல்லிய ஏற்றம். இடையிலுள்ள ஆண்டுகளைச் சுழல் வரிசையாக நிரப்பிச் செல்லும். 2009க்கு அது தரும் விடை 90,000க்குச் சற்று மேல். அவ்வாண்டின் நடுவில் அம்மாவட்டம் ஏறத்தாழ வெறுமையாயிருந்தது. போரிலிருந்து எஞ்சி வெளியேறிய வன்னி மக்களுள் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிலும் பிற முகாம்களிலும் இருந்தனர். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். குடிசன மதிப்பு எடுக்கப்பட்டதற்கு ஆறு மாதங்களின் பின்னர். எனவே கோட்டின் நடுப்பகுதி மட்டுமன்று, அதன் வலக்கரையும் மக்கள் இன்னும் திரும்பிக்கொண்டிருந்த காலத்துக்குரியது. இவ்வழுவைப் பிரவுசரும் காட்டாது, அச்சும் காட்டாது. ஒவ்வொரு சுற்றின் பெறுமதியும் கட்டளைப்படி சரியாகவே இருக்கும். 2009 என்னும் சுற்றில் நிறுத்தி அவ்வெண்ணை நோக்குபவர் அவ்வாண்டில் நிகழ்ந்ததை அறிந்தவராயிருந்தால் மட்டுமே அது வழுவெனத் தெரியும்.

2024 டிசெம்பருக்குரிய மதிப்பின் எண்கள் இப்பொழுது அட்டவணையில் ஒரு புதிய நிரையாகச் சேர்கின்றன. திருத்திய சுழலில் கிளிநொச்சிக்குரிய வரிகள் மூன்றே: 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்தெடுத்த தொகை, 2012இன் 113,000, 2024இன் தொகை. முதற் சுற்று 31ஆல் வகுக்கும்; அடுத்தது ஏறக்குறைய பன்னிரண்டே முக்காலால் வகுக்கும். 1991க்கு வரியில்லை; 2001க்கு எதிரே அவ்விரண்டு எழுத்துக்களும் நிற்கும்.